பெற்றோர் வரும் ஞாயிறு

கம்பாலாவில் விடுதியில் தங்கிப் படித்தபோது எனக்குப் பதினாறு வயது. முப்பது வருஷமாகிவிட்டது. அந்தப் பள்ளியின் செம்மண் மைதானம் இப்போதும் கண்முன்னே நிற்கிறது.

உகாண்டாவில் எங்கள் புகாண்டாப் பகுதி வழக்கத்தில், பெரியவர்களைக் கண்டால் பெண்பிள்ளைகள் மண்டியிட்டுத்தான் நலம் கேட்க வேண்டும். அவர்களும் உடனே விட்டுவிட மாட்டார்கள். படிப்பு, உடம்பு, சாப்பாடு என்று ஒவ்வொன்றாக விசாரித்து முடிப்பதற்குள் முழங்கால் மரத்துப்போகும்.

மாதத்தில் ஒரு ஞாயிறு பெற்றோர் வருவார்கள். ஒருமுறை, நகரத்துத் தோழிகள் பார்க்கிறார்களே என்று, நான் மண்டியிடாமல் அப்பாவிடம் கையை நீட்டினேன். அவர் தடுமாறிப்போய்க் குலுக்கினார். வறுத்த வேர்க்கடலைப் பொட்டலத்தைக் கொடுத்தார். "வரேன்மா" என்றார். அவ்வளவுதான்.

அடுத்த மாதம் பொட்டலம் மட்டும் யார் கையிலோ வந்தது. அப்பா வரவில்லை. அந்தக் கடலை எனக்கு இறங்கவே இல்லை.

உயிரியல் ஆசிரியை நன்டேசாவிடம் போனேன். அவருக்கு இருபத்தாறு வயதுதான். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர். எங்கள் சந்தேகமெல்லாம் அவரிடம்தான் போய் நிற்கும்.

"டீச்சர், இனிமே அப்பா வந்தா மண்டி போடணுமா, கை குடுக்கணுமா?"

அவர் பதில் சொல்வதற்குள் காவலாளி கசுலே ஆய்வகச் சாவியோடு வந்தார். டீச்சர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு வெள்ளைக் கோட்டோடு சிமென்ட் தரையில் மண்டியிட்டு அவரிடம் நலம் கேட்டார். கிழவர் திகைத்தார். பிறகு மெல்ல விசாரிக்க ஆரம்பித்தார். சாவி கைமாற வெகுநேரம் ஆனது.

அவர் போனதும் சொன்னேன். "கோட்டு அழுக்காயிடுச்சு டீச்சர்."

"துவைச்சுக்கலாம். ரெண்டு வருஷமா நின்னுட்டேதான் சாவி வாங்கறேன். அவர் மனைவிக்குக் கண்ணு தெரியாதுன்னு இன்னைக்குத்தான் தெரியுது."

"அப்போ மண்டி போடணும்ங்கறீங்களா?"

"நான் அப்படிச் சொல்லலையே, நலுபேகா."

அடுத்த மாதம் பெற்றோர் வரும் ஞாயிறன்று மதியம்வரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவழியாக அப்பா வந்தார். தோழிகள் பின்னால்தான் நின்றார்கள். நின்றால் நிற்கட்டும் என்று செம்மண்ணில் மண்டியிட்டேன்.

நிமிர்ந்தால், முகத்துக்கு நேரே அப்பாவின் கை நீண்டிருந்தது.

"வேன் டிரைவர்கிட்ட கை குடுத்துக் குடுத்துப் பழகினேன்மா," என்றார் கூச்சத்தோடு. "போன தடவை சரியாக் குடுக்கத் தெரியல. உன் சிநேகிதிங்க முன்னாடி உனக்கு அவமானமாப் போயிருக்குமே. அதான் போன மாசம் வரல."

மறுநாள் டீச்சரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

"எங்க ரெண்டு பேர்ல யார் செஞ்சது சரி டீச்சர்?"

"மண்ணுலேர்ந்து எப்படி எழுந்தே?"

"அப்பா கையைப் பிடிச்சுத்தான்."

டீச்சர் நுண்ணோக்கியின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அப்புறம் என்ன கேள்வி?"