கை கட்டி நின்ற ஊர்

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா இருந்தார். எந்த நாடு என்று மட்டும் கேட்காதீர்கள், சொன்னால் அந்த நாட்டுக்காரர்கள் என்னோடு சண்டைக்கு வருவார்கள். நல்ல மனுஷர்தான். ஆனால் ஒரு நாள் அவருக்கு ஓர் ஆசை பிடித்துக்கொண்டது. தன் குடிமக்கள் வேலை செய்வதைத் தன் கண்ணாலேயே பார்க்க வேண்டுமாம். அன்று முதல் தினமும் காலையில் பல்லக்கில் ஏறி, முன்னே முரசும் பின்னே குடையுமாகத் தலைநகரைச் சுற்றி வந்தார். ஒரே ஓர் ஆள்கூட வேலை செய்து அவர் பார்க்கவில்லை.

எப்படிப் பார்ப்பார்? அந்த நாட்டில் ஒரு சட்டம். ராஜாவின் முரசுச் சத்தம் காதில் விழுந்தால் செய்கிற வேலையை அப்படியே போட்டுவிட வேண்டும். துண்டை இடுப்பில் கட்டி, கையைக் கட்டி, தலையைக் குனிந்து நிற்க வேண்டும். ஊர்வலத்தின் கடைசி ஆள் தாண்டிப் போகும்வரை நிமிரக் கூடாது. செக்கு நிற்கும், தறி நிற்கும், அடுப்பில் இருப்பது கருகும். ராஜா திரையை விலக்கிப் பார்த்தால் தெரு முழுக்கச் சும்மா நிற்கிற ஜனம்தான்.

இத்தனை எளிய விஷயம் அந்தச் சபையில் விகடகவி மாசிலாமணி ஒருவருக்குத்தான் புரிந்தது. புரிந்து என்ன பயன்? அவரும் நாலைந்து தடவை சொல்லிப் பார்த்துவிட்டார். ஒவ்வொரு தடவையும் அதை நகைச்சுவை என்று நினைத்து ராஜா சிரித்தார். மாசிலாமணிக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

சிரிக்காத ஆள் மந்திரி தாண்டவராயர். மாசிலாமணியை அவருக்கு எப்போதும் ஆகாது. ஊருக்கு வெளியே இருந்த கல்குவாரி அவருடைய மைத்துனருக்குச் சொந்தம். அங்கே கல் உடைக்க ஆள் கிடைக்காமல் மைத்துனர் அல்லாடிக்கொண்டிருந்தார். தாண்டவராயர் சபையில் எழுந்து, நாடு முழுக்க வேலையற்றவர்கள் பெருகிவிட்டார்கள், இது சோம்பேறித்தனம், இவர்களையெல்லாம் கூலியில்லாமல் கல் உடைக்க அனுப்பினால்தான் புத்தி வரும் என்றார். ராஜாவும் சரி என்று தலையாட்டிவிட்டார். நாளை மறுநாள் ஊரையே ஓட்டிக்கொண்டு போவதாக ஏற்பாடு.

மாசிலாமணிக்குப் பொறுக்கவில்லை. "மகாராஜா, அவர்கள் வேலை செய்கிறவர்கள். தாங்கள் வரும்போது நிறுத்துகிறார்கள், அவ்வளவுதான்" என்றார்.

"எமக்குக் கண் இல்லையா, மாசிலாமணி? நாளை மாலைக்குள் எம் மக்கள் வேலை செய்வதை எமக்குக் காட்டும். இல்லையேல் குவாரிக்குப் போகும் முதல் ஆள் நீர்தான்."

தாண்டவராயர் அதோடு விடவில்லை. சட்டத்தை யாரும் மீறக் கூடாது, மன்னர் மாறுவேடம் போடுவதும் மரபல்ல என்று இரண்டு பக்கமும் அடைத்தார்.

"மந்திரியாரே, அந்தச் சட்டத்திலிருந்து யாருக்காவது விலக்கு உண்டா?" என்று மாசிலாமணி பணிவாகக் கேட்டார்.

"இந்நாட்டின் குடிகளில் எவருக்கும் விலக்கில்லை" என்று தாண்டவராயர் மார்பை நிமிர்த்திச் சொன்னார். ராஜாவும் ஆமோதித்தார்.

மறுநாள் ஊர்வலம் கிளம்புமுன் மாசிலாமணி பரிவாரத்து ஆட்களிடம் போய் மந்திரி சொன்ன வார்த்தையை எடுத்துச் சொன்னார். பல்லக்குத் தூக்கிகளுக்கு முதலில் உதறல். மந்திரியின் வாக்கு, மன்னர் ஆமோதித்தது என்றதும் ஒருவாறு தெளிந்தார்கள்.

உச்சி வெயிலில் கடைத்தெருவின் நடுவே பல்லக்கு தரையில் இறங்கியது. தூக்கியவர்கள் துண்டை இடுப்பில் கட்டிக் குனிந்து நின்றார்கள். முரசு நின்றது. குடைக்காரன் குடையை மடக்கிவிட்டுக் கையைக் கட்டினான். ராஜா திகைத்துப்போய் என்னவென்று கேட்டார். தாண்டவராயர் அதட்ட வாயைத் திறந்தார்.

"மந்திரியாரே, மன்னர் முன்னால் எல்லோரும் வேலையை நிறுத்த வேண்டும், விலக்கில்லை என்றீர்களே. அதட்டுவது உம்முடைய வேலையல்லவா? கையைக் கட்டும். என் வேலை பேசுவது. இதோ, நானும் நிறுத்திவிட்டேன்" என்ற மாசிலாமணி வாயைப் பொத்திக்கொண்டார்.

தாண்டவராயருக்கு வேறு வழியில்லை, நின்றார். கடைசி ஆள் தாண்டும்வரை நிமிரக் கூடாதே. அந்தக் கடைசி ஆளும் அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தான்.

வெயில் ராஜாவின் மண்டையைப் பிளந்தது. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு, நீராவது எம்மோடு நடந்து வாரும் என்று மாசிலாமணியை அழைத்துக்கொண்டு, தலையில் கிரீடத்தோடு, பட்டு சரசரக்க அரண்மனையை நோக்கி நடக்கத் தொடங்கினார்.

முரசுச் சத்தம் கேட்காத அடுத்த தெருவில் செக்கு சுற்றிக்கொண்டிருந்தது. தறிகள் சடசடத்தன. ஒருவரும் ராஜாவைத் திரும்பிப் பார்க்கவில்லை. குனிந்தே நின்று பழகிய ஊரில் அவர் முகம் யாருக்குத் தெரியும்? ராஜா மாசிலாமணியைப் பார்த்தார். மாசிலாமணி வாயைப் பொத்திய கையை எடுக்கவில்லை.

சாயக்காரத் தெருவில் வடிவாயி என்பவள் நீலத் தொட்டியிலிருந்து ஈரத்துணியைத் தனியாளாக இழுத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து கிரீடத்தைப் பார்த்தாள்.

"என்னய்யா, கூத்துக்காரரா? வேசத்தக் கூடக் கலைக்காம, வேலை வெட்டி இல்லாம திரியிறீரு. சும்மாதான நிக்கிறீரு, இந்த முனையப் புடிச்சு முறுக்கும்."

யாரும் அவரை இப்படி ஏவியதில்லை. ஏவியதும் என்ன செய்வதென்று தெரியாமல் ராஜா முனையைப் பிடித்து முறுக்கினார். நீலம் முழங்கைவரை வழிந்தது. ஏன் இத்தனை அவசரம் என்று கேட்டார்.

"நாளைக்குக் குவாரிக்கு ஓட்டிட்டுப் போறாங்கய்யா. அதுக்குள்ள இத முடிச்சாத்தான் கூலி. ராசா வாரப்ப துணிய எடுக்க முடியாம ஊறிக் கறுத்துப்போவுது, அதுக்கு ஏவாரி கூலியப் புடிக்கிறான். கையக் கட்டலேன்னா சவுக்கடி. கட்டுனா சோம்பேறிங்கிறாரு அந்த மவராசன். நான் என்னதான்யா பண்ண?"

ராஜாவுக்கு வெட்கமாக இருந்தது. அடுத்த துணியையும் அவராகவே எடுத்து முறுக்கினார். அதை முறுக்கி முடித்ததும் வடிவாயி ஒரு சட்டி கம்பங்கூழ் ஊற்றிக் கொடுத்தாள். உழைத்துக் குடித்த முதல் கூழ் அது. ஒரு சொட்டு விடாமல் குடித்தார்.

சாயங்காலம் கடைத்தெருவுக்குத் திரும்பியபோது தாண்டவராயர் வேர்த்து விறுவிறுத்து அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார். ராஜா தன் நீலக் கைகளைப் பார்த்தார், மந்திரியைப் பார்த்தார், விழுந்து விழுந்து சிரித்தார்.

"மாசிலாமணி சொன்னது மெய். ஊர் முழுக்கத் தேடினோம். வேலையில்லாமல் திரிந்தவன் ஒருவனே. அவனுக்கும் ஒரு பெண் வேலை கொடுத்துவிட்டாள்" என்றார்.

சட்டம் அந்த இடத்திலேயே ஒழிந்தது. குவாரிக்கு ஆள் வேண்டுமே என்று தாண்டவராயரையே அனுப்பிவைத்தார், கூலியில்லாமல். பிறகு கழுத்து முத்துமாலையைக் கழற்றி மாசிலாமணிக்குப் போட்டார். மகிழ்ச்சி தாங்காமல், நாளைக் காலை மாசிலாமணியை யானைமேல் ஏற்றி, முரசு முழங்க ஊர்வலம் நடத்தப்போவதாகவும், ஊரே வேலையை நிறுத்திவிட்டுக் கூடி வாழ்த்த வேண்டும் என்றும் அறிவித்தார்.

மாசிலாமணி அண்ணாந்து வானத்தைப் பார்த்தார். பொத்தியிருந்த கையை எடுத்தார்.

"மகாராஜா, வடிவாயியின் துணி இன்னும் பாதி தொட்டியில்தான் இருக்கிறது."