சந்தனம் வைத்த கை

ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை, லாரி ஆபீஸ் கம்ப்யூட்டர் இயங்க மறுத்து 'பீப் பீப்' என்று ஓயாமல் கத்தியது. முதலாளி தணிகாசலத்துக்குக் குற்றவாளி தயார்: பில் போடும் பிலோமினா.

"கெடுத்தவங்க இன்னிக்கே வீட்டுக்குப் போகலாம்."

நிற்காத பீப் என்றால் ஏதோ ஒரு கீ அமுங்கிக் கிடக்கிறது. அது அவளுக்குத் தெரியும். ஆனால் சொன்னால், அமுக்கியதும் அவள்தான் என்பார்.

"நேத்து பூஜை பிரமாதம், முதலாளி. கீபோர்டுக்குச் சந்தனம் வெச்சது யாரு?"

"வேற யாரு? நான்தான். ஒருத்தரையும் தொட விடலையே. கை நிறைய அள்ளி அப்பினேன்."

சுற்றி நின்ற டிரைவர்கள் எல்லோரும் ஆமாம் போட்டார்கள். பிலோமினா கீபோர்டு ஒயரை உருவினாள். சத்தம் நின்று கம்ப்யூட்டர் கண் விழித்தது. கீபோர்டில், காய்ந்த சந்தனத்துக்குள் என்டர் கீ புதைந்து கிடந்தது.

"அப்ப வீட்டுக்கு எப்பக் கிளம்புறீங்க, முதலாளி?"