மருதப்பன் குறைத்த இரண்டு முழுக்கு

கேளுங்கள். இப்போது நாம் நடக்கும் சாலைகள் எல்லாம் ஒற்றையடிப் பாதையாகக்கூட இல்லாத காலம் அது. அந்தக் காலத்தில் செங்குன்றை என்ற நகரை ஓர் அரசர் ஆண்டுவந்தார்.

அவருடைய அரண்மனைக்குக் கம்பளம் செய்து கொடுத்தவர்கள் இரண்டு பேர். கம்பளி நூலுக்குச் சாயம் ஏற்றுபவன் மருதப்பன். அந்த நூலைக் கம்பளமாக நெய்பவன் சடையன். இருவருக்கும் எதிரெதிர் வீடு.

முதல் கம்பளம் அரண்மனைக்குப் போனது. பார்த்தவர்கள் எல்லாம், "யார் நெய்தது?" என்று கேட்டார்கள். இரண்டாவது கம்பளம் போனது. அப்போதும், "யார் நெய்தது?" என்றே கேட்டார்கள். மூன்றாவது கம்பளத்துக்கு அரசரே தம் கையால் சடையனுக்குப் பட்டுத் தலைப்பாகை கட்டிவிட்டார்.

மூன்று முறையும் சடையன், நிறமெல்லாம் மருதப்பண்ணன் தந்தது என்று சபையில் சொல்லத்தான் செய்தான். மருதப்பன் காதுக்கு அது பிச்சை போடுவது போலக் கேட்டது. என் சிவப்பு இல்லாவிட்டால் இவன் நெசவை யார் பார்ப்பார்கள் என்று நினைத்தான். சாப்பிடும்போது நினைத்தான், நடக்கும்போது நினைத்தான், தொட்டியில் கைவிட்டு நூலைப் பிழியும்போதும் அதையே நினைத்தான். எதிர்வீட்டுத் தறி ஓசை கேட்டாலே அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

நான்காவது கம்பளம் அரசர் முடிசூடிய நாளை ஆண்டுதோறும் கொண்டாடும் விழாவுக்காக. மாந்தோப்பு வேலைப்பாடு, பச்சை இலை, மஞ்சள் பழம்.

கம்பளி நூலைப் படிகாரம் கரைத்த நீரில் மூன்று முறை முழுக்கி எடுத்து, மூன்று முறையும் உலர்த்தி, பிறகுதான் சாயத்தில் இட வேண்டும். அப்படி ஏறிய நிறம் தண்ணீருக்கு அசையாது. மருதப்பன் இந்த முறை ஒரே முழுக்கோடு நிறுத்தினான். இரண்டு மழைக்காலத்தில் கம்பளம் வெளுக்கும், சாயம் பிடிக்காத மட்ட நூலைச் சடையன் வாங்கித் தந்து ஏமாற்றினான் என்று ஊர் சொல்லும் என்று கணக்குப் போட்டான்.

ஆனால் பொறாமைக்குக் காத்திருக்கத் தெரியாது. விழாவன்று காலை மண்டபத்தில் கம்பளத்தை விரித்திருந்தார்கள். கூட்டம் அதைச் சுற்றி நின்று, "சடையன் கைக்குத் தங்கக் காப்புப் போடலாம்" என்றது. கொடிச்சீலைக்கான சிவப்புச் சாயப் பானையோடு வந்த மருதப்பன் அதைக் கேட்டான். கால் தடுக்கியவன் போலச் சாய்ந்தான். கம்பளத்தின் நடுவில் சாயம் ஒரு முறத்தளவுக்குப் படர்ந்தது.

அரசர் முகம் சுருங்கியது. விழாவுக்கு ஆகாத கம்பளத்தை எடுத்துப் போடுங்கள் என்றார். மருதப்பன் தலையைக் குனிந்துகொண்டான். உள்ளுக்குள் மனம் குளிர்ந்தது.

சடையன் முன்னால் வந்தான். "அரசே, பொறுங்கள். அண்ணன் ஏற்றின நிறம் அசையாது. சிந்தினது மட்டும்தான் வரும். அண்ணனே துடைத்துவிடுவார்."

"நல்லது. இங்கேயே துடையும், நாமும் பார்க்கிறோம்" என்றார் அரசர்.

மறுத்தால் ஏன் என்று கேட்பார்கள். மருதப்பன் முழங்காலிட்டான். கறையை எடுக்கும் வழி அவனைவிட யாருக்கும் தெரியாது. தேய்க்கக் கூடாது, ஒற்ற வேண்டும்; ஓரத்திலிருந்து நடுவுக்கு வர வேண்டும்; வெந்நீர் ஆகாது.

முதலில் உலர்ந்த வெள்ளைத் துணியால் ஒற்றினான். துணியில் சிவப்பு வந்தது. கூட்டம் தலையசைத்தது.

இரண்டாவதாகக் குளிர்ந்த நீர் தெளித்து ஒற்றினான். சிவப்போடு மஞ்சளும் வந்தது. சட்டென்று துணியை மடித்துக்கொண்டான்.

மூன்றாவதாகப் புளித்த கஞ்சித் தெளிவைத் தொட்டு ஒற்றினான். கறை முழுதும் போயிற்று. மாம்பழத்தின் மஞ்சளும் போயிற்று, இலையின் பச்சையும் போயிற்று. கம்பளத்தின் நடுவில் சாம்பல் பூத்தது போல ஒரு திட்டு நின்றது.

"துணியை விரியும்" என்றார் அரசர்.

விரித்தான். தோப்பு முழுவதும் அந்தத் துணியில் இருந்தது.

மற்றவர்களுக்குப் புரியவில்லை. சடையனுக்குப் புரிந்தது. அவன் குனிந்து, மெல்லக் கேட்டான். "எத்தனை முழுக்கு, அண்ணே?"

பொய் சொல்லலாம் என்றுதான் மருதப்பன் நிமிர்ந்தான். சடையன் கண்ணில் கோபம் இருந்திருந்தால் சொல்லியும் இருப்பான்.

"ஒன்று" என்றான். அரசர் விளக்கம் கேட்க, மூன்று முழுக்கு வேண்டிய நூலை ஒன்றோடு நிறுத்தியதைத் தன் வாயாலேயே சொன்னான்.

அரசர் அவனைச் சிறையில் அடைக்கவில்லை, ஊரைவிட்டும் துரத்தவில்லை. அந்தக் கம்பளத்தை அரண்மனை வாசலில் விரிக்கச் சொன்னார். வருகிறவர்கள் எல்லாரும் அந்த வெளுத்த திட்டைப் பார்த்து நின்றார்கள். இந்த முறை ஒருவரும் யார் நெய்தது என்று கேட்கவில்லை.

"இதற்குச் சாயம் ஏற்றியது யார்?" என்றுதான் கேட்டார்கள். காவலர்களும் தினந்தோறும் மருதப்பனின் பெயரைச் சொன்னார்கள்.

அடுத்தவன் பெயரை அழிப்பதற்காகத் தன் வேலையில் குறை வைப்பவன், கடைசியில் தன் பெயரையே கறையாக்கிக்கொள்வான்.