வாய் கவிழ்ந்த குடம்

வீட்டை விட்டுக் கிளம்பும் நேரத்தில் மாதையன் முன்னால் யாரும் ஏடாகூடமாக ஒரு சொல் சொல்லிவிட முடியாது. ‘எங்கே போறீங்க’ என்று கேட்டால் போச்சு. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, ஒரு மடக்குத் தண்ணீர் குடித்து, சற்று உட்கார்ந்த பிறகுதான் மறுபடி படியிறங்குவார். சேலத்தில் நூல் வியாபாரம் செய்கிற மனுசர். நல்லவர்தான். ஆனால் சகுனம் என்று வந்துவிட்டால் அவரிடம் நியாயம் பேசிப் பயனில்லை.

அன்றைக்குக் கிளம்பியது லேசுப்பட்ட காரியத்துக்கு இல்லை. மலைமேல் வாழ்க்கைப்பட்டிருந்த ஒரே மகள் தாரணிக்கு வளைகாப்பு. உறவெல்லாம் முன்னாலேயே வேனில் ஏறிப் போய்விட்டது. வளையல் அடுக்கி முடித்ததும் மாதையனும் மனைவி வசந்தாமணியும் மகளைத் தங்கள் காரில் தாய்வீட்டுக்கு அழைத்து வரவேண்டும். வயிற்றுப்பிள்ளையோடு அத்தனை கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கி வரவேண்டும்.

அதற்காகத்தான் அவர் தன் பழைய காரின் முன்பக்க பிரேக்கையே மாற்றினார். பெரிய டிஸ்க், அதைக் கவ்விப் பிடிக்கிற புதுக் காலிப்பர், எண்ணெய் போகிற புது ஹோஸ் எல்லாம் வரவழைத்து, வாசலில் ஜாக்கி போட்டு, தன் கையாலேயே பூட்டினார். ஒர்க்‌ஷாப்பில் விடுங்கள் என்று சொன்னவர்களிடம், என் மகள் வரப்போகிற வண்டியில் கண்டவன் கை படவேண்டாம் என்றுவிட்டார். சம்பந்தி வீட்டுக்கும் போன் போட்டுச் சொல்லியாயிற்று. அந்தப் பெருமையில் ஆள் ஒரு சுற்றுப் பருத்தும் போனார்.

பூட்டி முடித்த நாளிலிருந்து பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனது. ஒரு மிதிக்கு வண்டி நிற்காது. விட்டு விட்டு இரண்டு மூன்று தரம் மிதித்தால்தான் பெடல் மேலே வந்து பிடிக்கும். எண்ணெய்க் குழாயில் காற்று தங்கிவிட்டால் இப்படித்தான் ஆகும் என்று அவருக்கும் தெரியும். வசந்தாமணியை உட்காரவைத்து மிதிக்கச் சொல்லி, சக்கரத்தடியில் படுத்து, காலிப்பரில் காற்றை வெளியேவிடுவதற்கென்று இருக்கிற நிப்பிளைத் திறந்து காற்றை எடுத்தார். எண்ணெய் வந்தது, காற்று தீரவில்லை. மறுநாளும் எடுத்தார். எங்காவது கசிகிறதா என்று ஒவ்வொரு இணைப்பையும் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். ஒரு சொட்டு இல்லை. கடைசியில் சக்கரங்களுக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, சூடம் காட்டி, இனி ஆண்டவன் பார்த்துக்கொள்வான் என்று எழுந்துவிட்டார்.

புறப்படும் காலையில் எல்லாம் நல்லபடியாகவே அமைந்தது. எதிர்வீட்டு மருமகள் நிறைகுடத்தோடு எதிரே வந்தாள். பக்கத்துவீட்டுக்காரர் போய் நல்லபடியாகக் கூட்டி வாருங்கள் என்றார். சாவியைத் திருகப்போகும் சமயத்தில்தான் வசந்தாமணி வாயைத் திறந்தாள்.

“ஏனுங்க, பிரேக் சரியாயிருச்சுங்களா?”

மாதையனுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. “கெளம்பற நேரத்துல வாயை வைக்காத” என்றார். வழக்கம்போல உள்ளே போய் உட்காரவும் வழியில்லை, நல்ல நேரம் ஓடிக்கொண்டிருந்தது. அவள் சீர்த்தட்டை மடியில் வைத்துக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டாள்.

ஊர் எல்லையில் ரயில்வே கேட் போட்டிருந்தது. முன்னால் ஒரு லாரி. மாதையன் மிதித்தார், கால் அடிவரைக்கும் போய்விட்டது. விட்டு மிதித்தார். மறுபடி மிதித்தார். லாரியின் பின்பலகை கண்ணாடி முழுக்க வந்த பிறகுதான் வண்டி நின்றது. அவருக்கு மனைவியின் பக்கம் திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

மலையடிவாரத்தில் வேலாயுத சாமியின் குடில் இருக்கிறது. ஒரு காலத்தில் அவரும் மாதையனும் ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. கணக்குப் பரீட்சையில் சாமி இவரைப் பார்த்து எழுதியவர். இப்போது அவர் காவி கட்டிவிட்டார், இவர் அமாவாசை தவறாமல் வந்து எதிரே பாயில் உட்காருகிறார். இவருக்கு அவர் ‘சாமி’. அவருக்கு இவர் இன்னும் மாதையன்தான்.

வண்டி வந்தபோது சாமி தொட்டிக்கரையில் குடத்தோடு நின்றிருந்தார். மாதையன் விழுந்து கும்பிட்டு, மகளை அழைக்கப் போகிறோம், திருநீறு வேண்டும் என்றார். பிரேக்கைப் பற்றி மூச்சுவிடவில்லை. சாமி அவருடைய முகத்தையே பார்த்தார். மாதையன் பார்வையைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

“ஒரு சந்தேகம் சாமி. மனசுல பயம் வந்து உக்காந்துக்குது. ஆண்டவன் பேரைச் சொல்லிச் சொல்லி அமுக்கறேன், போகமாட்டேங்குது. அதை எப்படி வெளியேத்தறது?”

சாமி கையிலிருந்த வெறுங்குடத்தைக் கவிழ்த்து, வாய் கீழே இருக்கும்படி தொட்டித் தண்ணீரில் அமுக்கினார். குடம் எதிர்த்துக்கொண்டு மேலே வந்தது.

“நீ அமுக்கு” என்றார்.

மாதையன் சட்டைக்கையைச் சுருட்டிக்கொண்டு அமுக்கினார். கையை எடுத்ததும் குடம் எழும்பி மிதந்தது. இன்னும் பலமாக என்றார் சாமி. மாதையன் உடம்பு பாரம் முழுவதையும் போட்டார். பட்டு வேட்டி நனைந்ததுதான் மிச்சம்.

“உள்ள என்ன இருக்குது?”

“காத்துங்க, சாமி.”

“போக வேண்டியதுதானே?”

“வாய் கீழ இருக்குதுங்களே, எப்படிப் போகும்?”

சொன்னவர் அப்படியே நின்றுவிட்டார். குடம் தொட்டியில் உருண்டு சரிந்தது. வாய் மேலே வந்ததும் களக்களக் என்று காற்றை விட்டுத் தண்ணீரைக் குடித்துத் தானாக அமிழ்ந்தது. மாதையன் அதைப் பார்க்க நிற்கவில்லை. கார்ப்பக்கம் ஓடி, பட்டு வேட்டியோடு மண்ணில் படுத்து, சக்கரத்துக்குப் பின்னால் கையை விட்டுத் தடவினார்.

நிப்பிள் காலிப்பரின் அடியில் இருந்தது. அந்தப் பக்கம் போய்த் தடவினார். அங்கேயும் அடியில்தான். காற்று மேலே போய் ஒதுங்கிக்கொள்ள, அவர் இத்தனை நாளும் கீழ்வாசலைத் திறந்துவைத்து அது வருமென்று காத்திருந்திருக்கிறார். பூட்டும் அன்று, சந்நிதியில் நிற்பதுபோல வண்டிக்கு எதிரே நின்று இடம் வலம் பார்த்திருக்கிறார். அவருக்கு இடது வண்டிக்கு வலது. இரண்டு காலிப்பரும் பக்கம் மாறித் தலைகீழாக உட்கார்ந்திருந்தன. எத்தனை தரம் திறந்து மூடிய நிப்பிள். அது எங்கே இருக்கவேண்டும் என்று ஒரு தரம்கூட அவர் யோசிக்கவில்லை.

முதல் வளைவும், பின்சீட்டில் வயிற்றைப் பிடித்தபடி தாரணியும், தரைக்குப் போய்விடுகிற தன் காலும் கண்ணில் வந்தன. வசந்தாமணி இறங்கி வந்து பக்கத்தில் நின்றாள்.

“பிரேக் பிடிக்கல, வசந்தா” என்றார்.

“தெரியுங்க. ரயில்வே கேட் பக்கத்துல நானும் காலை அமுக்கிட்டுத்தான் இருந்தேன்.”

அவள் பக்கத்தில் மிதிக்க என்ன இருக்கிறது, வெறும் தகரம். அதை நினைத்ததும் மாதையன் வாய்விட்டு அழுதார்.

பிறகு சாவியைச் சாமியின் திருநீற்றுப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, அடிவார ஸ்டாண்டில் ஒரு வாடகைக் காருக்குச் சொன்னார். சம்பந்திக்கு அவரே போன் போட்டார். என் கைவேலை தப்பாகிவிட்டது, வாடகை வண்டியில் வருகிறேன், மகளையும் அதிலேயே அழைத்துப் போகிறேன் என்றார். அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, ஆகட்டுங்க ஆகட்டுங்க என்று கேட்டுக்கொண்டார்.

கார் வந்து நின்றது. இருவரும் திருநீறு வாங்க வந்தார்கள். என்ன பட்டாலும் பிறவிக்குணம் லேசில் போகுமா? மாதையனுக்கு ஒரு உறுத்தல் மிச்சமிருந்தது.

“என்ன இருந்தாலும் காலையில சகுனத்தடை ஆயிப்போச்சு, சாமி. நல்ல காரியத்துக்குக் கெளம்பறப்ப இவ வாயில அபசகுனமா ஒரு வார்த்தை வந்துருச்சு.”

“அம்மிணி என்ன கேட்டாங்க?”

மாதையன் தலையைக் குனிந்துகொண்டு, பிரேக் சரியாகிவிட்டதா என்று கேட்டாள் என்றார்.

சாமி திருநீற்றை எடுத்தார். எப்போதும் முதலில் மாதையன் நெற்றிக்குத்தான் வரும் கை. அன்றைக்கு அது அவரைத் தாண்டிப் போய் வசந்தாமணியின் நெற்றியில் பூசியது.

“நல்ல சகுனம் உன் பக்கத்து சீட்டுலயே ஏறி உக்காந்திருக்குது, மாதையா” என்றார் சாமி. “நீதான்டா அது வாயை மூடிக் கூட்டிட்டு வந்திருக்க.”