பூஜைக்கு வந்த பேய்

கோடம்பாக்கத்துத் தயாரிப்பாளர் மாசிலாமணிக்குப் பேய்ப்படம் எடுக்கும் வெறி பிடித்துவிட்டது. உதவி இயக்குநர் குணவதி விதவிதமாகக் கதை சொன்னாள். எல்லாவற்றுக்கும் மனிதர் உதட்டைப் பிதுக்கினார்.

"யாருக்காகப் படம் எடுக்கிறோம் சார்?" என்று அவள் கேட்டதுதான் தாமதம், எகிறிவிட்டார்.

"எல்லாருக்கும்தான்! பால் குடிக்கிற பிள்ளை முதல் பல்லுப்போன கிழவர் வரை ஒரே பேயைப் பார்த்து அலறணும். பூஜையன்னைக்கு அந்தப் பேயோட வா. இல்லேன்னா உன் இடத்துக்கு வேற ஆள்!"

பூஜை நாளும் வந்தது. கற்பூரம் எரிய, ஊரே கூடி நிற்க, "எங்கே பேய்?" என்றார் மாசிலாமணி.

"இதோ சார்!" என்று குணவதி ஒரு தேங்காயை ஓங்கி உடைத்தாள்.

உள்ளே கன்னங்கரேலென்று அழுகல்!

"ஐயோ, அபசகுனம்! படம் போச்சு, நானும் தொலைஞ்சேன்!" மாசிலாமணி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு வெடவெடவென்று நடுங்கினார். பக்கத்தில் நின்ற லைட்மேன் பவுலோ கொட்டாவி விட்டார். "வேற காய் உடைம்மா, பசிக்குது."

குணவதி பையிலிருந்து நல்ல தேங்காயை எடுத்தாள். "பயப்படாதீங்க சார், பூஜைக் காய் இதுதான். அது நான் வேணும்னே ஆட்டிப் பார்த்து வாங்கின அழுகல். ஒரே காய்க்கு நீங்க நடுங்கினீங்க, பவுல் அண்ணன் கொட்டாவி விட்டார். பார்க்கப் போறது யாருன்னு சொல்லுங்க, அவங்களுக்கு ஏத்த பேயைக் கொண்டுவர்றேன்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. மாசிலாமணி வேர்வையைத் துடைத்துக்கொண்டு, வீறாப்புக் குறையாமல், "அப்போ என்னை மாதிரி ஆளுங்களுக்கே எடு!" என்றார்.

"அப்படின்னா பேயே வேண்டாம் சார்," என்றாள் குணவதி. "ஒரு மூட்டை அழுகின தேங்காய் போதும்!"