வாசலில் வாங்கிய சத்தியம்

கொரோனா வந்து பஸ்ஸெல்லாம் நின்றுபோன கோடை. திருச்சிக்குத் தெற்கே சாலையோர மடம் ஒன்றில், சொந்த ஊருக்கு நடந்து போகிறவர்கள் இருபது பேர் தங்கியிருந்தார்கள்.

வாசல் பொறுப்பு சீடர் மாசிலாமணிக்கு. மடத்துக் குருவைவிட நாலு வயது மூத்தவர். ஓய்வுபெற்ற போலீஸ் ஏட்டு வேறு. தம்மிடம் யாரும் பொய் சொல்லித் தப்ப முடியாது என்று ஒரு நினைப்பு. விபூதித் தட்டில் கை வைத்து, "காய்ச்சல் இல்லை" என்று சத்தியம் செய்தவர்களைத்தான் உள்ளே விட்டார்.

அப்படி வந்த சடையப்பன் என்ற தறிக்காரன், வெள்ளிக்கிழமை மத்தியானம் காய்ச்சலில் சுருண்டு விழுந்தான். கூடமே இரண்டுபட்டது.

"தூக்கி வெளிய போடுங்கப்பா இவன!"

ஒருவர் அவன் மூட்டையை ரோட்டில் வீசினார். இன்னொருவர் கட்டையை எடுத்துவிட்டார்.

"எங்கிட்டயே பொய்யா?" மாசிலாமணி அவன் கையைப் பிடித்து இழுத்தார்.

"விடுங்க அவர." குரு வந்துவிட்டார். கூடத்தைப் பார்த்துக் கேட்டார். "வேற யாருக்காவது காய்ச்சல் இருக்கா?"

எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

குரு முகக்கவசத்தை இறுக்கிக்கொண்டு, சடையப்பனைத் தாங்கிப் பிடித்துத் தம்முடைய அறைக்கு அழைத்துப் போனார். தம் கட்டிலில் படுக்கவைத்தார். கஞ்சி கொண்டுவரச் சொன்னார். பக்கத்து ஊர் நர்ஸம்மாவுக்கு போன் போட்டார். ரோட்டில் கிடந்த மூட்டையைத் தாமே போய் எடுத்து வந்தார். பிறகு கூடத்தில் நின்று மறுபடியும் அதே கேள்வியைக் கேட்டார்.

மூலையில் ஒரு பெண் தயங்கித் தயங்கிக் கை தூக்கினாள். அப்புறம் ஒரு லாரி டிரைவர். கடைசியில், கட்டை வைத்திருந்தவர் அதைக் கீழே போட்டார்.

"எனக்கும் ரெண்டு நாளா அடிக்குது, சாமி."

மாசிலாமணி குருவிடம் ஓடி வந்தார்.

"நாலு பேரா! விபூதில கை வெச்சு சொன்னாங்களே சாமி. பொய் சொல்றவங்கள வாசல்லயே எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

குரு சோப்புப் போட்டுக் கை கழுவினார்.

"புதன்கிழமை ஒரு கொத்தனார் வந்து, காய்ச்சல் அடிக்குதுன்னு உள்ளதைச் சொன்னாராம். சடையப்பன் இப்பத்தான் எங்கிட்ட சொன்னாரு. அந்தக் கொத்தனார என்ன பண்ணீங்க?"

"வெரட்டிட்டேன், சாமி."

"வரிசையில அவருக்குப் பின்னாடி நின்னவங்க யாரு?"

மாசிலாமணி கூடத்தைத் திரும்பிப் பார்த்தார். கை தூக்கிய மூவரும் அங்கே நின்றிருந்தார்கள்.