இருட்டறையில் ஒரு மஞ்சள் கோடு

"இந்த வயசுல நான் பிஸிக்ஸ் படிக்கலாமா மேடம்?"

கேட்டவள் செங்கமலம். வயது நாற்பத்து மூன்று. கல்லூரியின் இயற்பியல் ஆய்வகத்தில் பன்னிரண்டு வருஷமாக உதவியாளர். கருவிகளைத் துடைத்து, எடுத்து வைத்து, எண்ணிப் பூட்டுவது அவள் வேலை.

பேராசிரியர் மெஹ்ருன்னிசா அவளைவிடப் பதினோரு வயது சின்னவர். திருத்திக்கொண்டிருந்த நோட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"தெரியாதுக்கா."

செங்கமலத்துக்குச் சுருக்கென்றது. வீட்டுக்காரர் கேட்டுவிட்டுச் சிரித்திருந்தார். மகள், "என் காலேஜ் பக்கம் மட்டும் வந்துடாதம்மா" என்றிருந்தாள். இவருமா?

மறுநாளும் போய் நின்றாள்.

"சேர்ந்தா முடிச்சிடுவேனா மேடம்?"

மெஹ்ருன்னிசா ஒரு வெள்ளைத் தாளை எடுத்து நீட்டினார்.

அவ்வளவுதான்.

எப்படிப் படிக்கப் போகிறாள் என்று எழுத, அந்தத் தாளோடு நாலு நாள் மல்லுக்கட்டினாள் செங்கமலம். ப்ளஸ் டூவில் படித்த கணக்கு இருபத்தைந்து வருஷத்தில் கரைந்து போயிருந்தது. அதனால், சேர்வதற்கு முன் ஆறு மாதம் கணக்கு மட்டும், சோறு வேகும் நேரத்தில் என்று எழுதினாள். பிறகு பக்கத்து ஊர் மாலைக் கல்லூரி. பஸ்ஸில் போக நாற்பது நிமிஷம், வர நாற்பது நிமிஷம். உட்கார இடம் கிடைத்தால் பாடம், கிடைக்காவிட்டால் மனப்பாடம். முதல் வருஷம் இயக்கவியல். இரண்டாம் வருஷம் ஒளி. மூன்றாம் வருஷம் மின்சாரமும் அணுவும்.

ஐந்தாம் நாள் தாளை மேஜைமேல் வைத்தாள். மெஹ்ருன்னிசா நிதானமாகப் படித்தார்.

"மூணு வருஷத்துல முடியாது."

"அஞ்சுல முடிக்கிறேன்."

"கணக்குல ஃபெயில் ஆவீங்க."

"திரும்ப எழுதுவேன்."

"எட்டு வருஷம் ஆயிட்டா? அம்பத்தோரு வயசுல பட்டத்தை வெச்சு என்ன பண்ணப் போறீங்க?"

செங்கமலத்துக்கு மூக்கு விடைத்தது.

"என்னமோ பண்றேன்! சட்டம் போட்டு மாட்டுறேன், இல்ல பெட்டியில போட்டுப் பூட்டுறேன். பன்னெண்டு வருஷமா சோடியம் விளக்கை ஏத்தி வைக்கிறது நான். பிள்ளைங்க வந்து பார்க்குது, மஞ்சக்கோடு ரெண்டா இருக்குன்னு எழுதிட்டுப் போகுது. ஏன் ரெண்டுன்னு எனக்குத் தெரிய வேணாமா? நீங்க வேணாம்னாலும் படிப்பேன் மேடம்."

சொன்ன பிறகுதான் யாரிடம் கத்துகிறோம் என்று உறைத்தது. ஆனாலும் பார்வையைத் தாழ்த்தவில்லை.

மெஹ்ருன்னிசா எழுந்தார். அவளை இருட்டறைக்கு அழைத்துப் போனார். விளக்கைத் தாமே ஏற்றினார். ஒளியைக் கோடுகளாகப் பிரித்துக் காட்டும் நிறமாலைமானியின் லென்ஸைத் தம் துப்பட்டா நுனியால் துடைத்தார். ஸ்டூலை அவள் பக்கம் தள்ளினார்.

அந்த ஸ்டூல்களை ஆயிரம் தடவை வரிசைப்படுத்தியிருக்கிறாள் செங்கமலம். ஒருநாளும் உட்கார்ந்ததில்லை.

உட்கார்ந்தாள். கண்ணை வைத்தாள்.

"ஒரே கோடுதான் தெரியுது."

"குழாயை இன்னும் தள்ளித் திருப்புங்க. அந்தப் பக்கம் திரும்ப வரும், அங்கதான் ரெண்டா பிரியும்."

திருப்பினாள். வெறும் இருட்டு. மேலும் திருப்பினாள். இருட்டு. விரல் வலித்தது. விடவில்லை.

அப்போது கதவு படாரென்று திறந்தது. வாசலில் அலுவலகக் கண்காணிப்பாளர் தெய்வசிகாமணி. கையில், மாலைக் கல்லூரியில் சேர அனுமதி கேட்டுச் செங்கமலம் அலுவலகத்தில் கொடுத்திருந்த விண்ணப்பம். வேலையில் இருப்பவள் படிக்க வேண்டுமென்றால் அவர் தடையில்லை என்று கையெழுத்துப் போட வேண்டும்.

"என்னம்மா இது? அட்டெண்டர் எல்லாம் ஸ்டூல்ல உட்கார்ந்தா யாரு வேலை பார்க்கிறது? இதுல நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

மெஹ்ருன்னிசா செங்கமலத்தையே பார்த்தார்.

செங்கமலம் எழுந்திருக்கவில்லை. லென்ஸிலிருந்து கண்ணையும் எடுக்கவில்லை.

"ஏன் போட மாட்டேன்னு எழுதிக் கொடுங்க சார். பிரின்சிபால்கிட்ட கொண்டுபோய்க் கொடுக்கிறேன்."

"என்ன?"

"கதவைச் சாத்துங்க சார். வெளிச்சம் வருது. கோடு தெரியல."